முரசு அணிகளின் தராசு

தீர்ப்புக் கூறும் வேலை உலகத்திலேயே எளிதான வேலை என்று எண்ணுகிறவர்கள் அநேகர். பந்தயத்தில் ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. எல்லைக் கோட்டருகே நிற்கிறவனுக்கு வியர்ப்பதுகூட இல்லை. முதலில் வந்தவன் இன்னான் என்று கைகாட்டிவிட்டால் அவனுடைய கடமை தீர்ந்தது. ஓட்டப் பந்தயத்துக்கு இது பொருந்தக்கூடும். ஆனால் நூற்றைம்பது வாலிபர்களும் யுவதிகளும் ஒரே மைதானத்தில் கொம்பு ஊதிக்கொண்டும் முரசு முழக்கிக்கொண்டும், நடந்தும் ஓடியும் ஆடியும், பத்துப் பன்னிரண்டு நிமிஷ நேரம் நடத்திக் காட்டும் ஒரு காட்சிக்கு மதிப்புப் போடுவது எவ்வாறு? அதில் எதை அளப்பது? காட்சியைக் கற்பனை செய்தவரின் புத்தியையா, அதை நிறைவேற்றிய பிள்ளைகளின் உழைப்பையா? இரண்டையும் அளப்பதென்றால் எதற்கு எவ்வளவு எடை?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இது ஒரு நூற்றாண்டாகத் தீராத வழக்காக இருந்து வருகிறது. வாத்தியக் கோஷ்டிகளின் வழக்கில் நமக்கென்ன என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். அளக்கப்பட்டவர்களே ஒரு நாள் எழுந்து அளவுகோலைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்ட சரித்திரம் அதில் அடங்கியிருக்கிறது. எடுத்துக்கொண்ட பிறகு என்ன செய்தார்கள் என்பதும் அடங்கியிருக்கிறது. பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் இரண்டையும் கவனித்துப் படிக்க வேண்டும்.

டிரம் கோர் என்பது யாது?

நம் ஊர்களில் பேண்டு வாத்தியம் என்றால் கல்யாண ஊர்வலமும் போலீஸ் அணிவகுப்பும் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் டிரம் கோர் என்று வழங்குவது வேறு ரகம். பித்தளைக் கொம்புகள் ஒரு பிரிவு. முரசு முதலிய தாள வாத்தியங்கள் ஒரு பிரிவு. கொடிகளையும் மரத் துப்பாக்கிகளையும் வாட்களையும் வானில் வீசிப் பிடித்துச் சுழற்றும் கொடி அணி மற்றொரு பிரிவு. இம்மூன்றும் சேர்ந்து, நூறு கஜ நீளமுள்ள கால்பந்து மைதானத்தில், அணிநடையாலேயே கோலங்கள் வரைந்து கலைத்து மறுபடி வரைந்து, இசையோடு ஒரு முழுக் காட்சியை நடத்துகின்றன.

அங்கத்தினர் பெரும்பாலோர் 22 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். கோடை விடுமுறை முழுவதையும் இதற்கே ஒப்புக்கொடுக்கிறார்கள். பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை, மாலையில் போட்டி, இரவில் பஸ் பிரயாணம், விடியும் தறுவாயில் ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தேகப்பயிற்சிக் கூடத்துத் தரையில் படுக்கை. இதற்காக அவர்களுக்கு ஒரு காசு சம்பளம் கிடையாது. ஒவ்வொருவரும் சில ஆயிரம் டாலர் தம் கையிலிருந்து கட்டணம் செலுத்தியே சேருகிறார்கள். ஆகஸ்டு மாதத்தில் இறுதிப் போட்டி. 2009 முதல் அது பெரும்பாலும் இண்டியானாபோலிஸ் நகரத்து மாபெரும் மைதானத்தில் நடந்து வருகிறது. 2020 இல் கொள்ளைநோயால் போட்டி நின்றது. அடுத்த வருஷம் மார்க்குப் போடாமலே அணிகள் கூடின.

இவ்வளவு பாடுபட்ட பிள்ளைகளின் உழைப்பை நிறுக்கும் தராசு நேர்மையானதாக இருக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். நேர்மையான தராசு எது என்பதில்தான் விவகாரம் தொடங்குகிறது.

குறை எண்ணிய காலம்

முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 இல் அமெரிக்கன் லீஜியன் என்னும் சங்கத்தை நிறுவினார்கள். அந்தச் சங்கமும், வெளிநாட்டு யுத்தங்களில் ஈடுபட்ட வீரர்களின் மற்றொரு சங்கமும் ஊர்தோறும் முரசு அணிகளை ஆதரித்தன. அவற்றினிடையே போட்டிகளும் நடத்தின. ஆதரித்தவர்கள் சிப்பாய்கள், ஆகவே அளவுகோலும் சிப்பாய்களின் அளவுகோலாகவே இருந்தது. சீருடையில் தூசி உண்டா, பூட்ஸில் மெருகு உண்டா என்று பரிசோதனை. தேசக் கொடியை ஏந்தி வருவதற்கு விதி. கையிலிருந்த கருவி தரையில் விழுந்தால் தண்டனை. ஊதும் கொம்பும் ராணுவத்துப் பியூகிள் வகையைச் சேர்ந்ததாகவே இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக இருந்தது 'டிக்' முறை. வாசிப்பிலும் நடையிலும் துல்லியத்தை அளக்கும் நடுவர்கள், கையில் அட்டையும் பென்ஸிலும் ஏந்தி, மைதானத்துக்குள்ளேயே அணியினரின் நடுவில் உலாவுவார்கள். ஒருவன் கால் மாறி வைத்தால் ஒரு கோடு. ஒரு கொம்பு கணநேரம் பிந்தி ஒலித்தால் ஒரு கோடு. முரசுக் கோல்கள் ஒன்றாக விழவில்லையென்றால் ஒரு கோடு. வரிசையில் இடைவெளி பிசகினால் ஒரு கோடு. கோடு ஒன்றுக்கு ஒரு மார்க்கில் பத்திலொரு பங்கு கழிந்துவிடும். மைதானத்தில் கால் வைக்கும்போது அணியின் கையில் முழு மார்க்கும் இருக்கும்; அதன் பின் இழப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. காட்சியின் பொதுவான கவர்ச்சிக்கென்று தனியே சில மார்க்குகள் உண்டென்றாலும், வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் தீர்த்து வைத்தது இந்தக் கோடுகளின் தொகைதான்.

டிக் முறைக்கு ஒரு பெருமை உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. "எங்கே தவறினேன்?" என்று கேட்ட பிள்ளைக்கு நடுவர் விரல் வைத்துக் காட்ட முடிந்தது. இன்ன இடத்தில், இன்ன தவறு என்று சொல்ல முடிந்தது. நடுவரின் ருசி, விருப்பு, வெறுப்பு இவற்றுக்கு அங்கே இடம் குறைவு. துல்லியம் என்னும் குணத்தை அந்த முறை வளர்த்தது என்பதிலும் சந்தேகமில்லை.

ஆயினும் அதன் தீமை ஆழமானது. கடினமான இடத்தில் செய்த தவறுக்கும் எளிதான இடத்தில் செய்த தவறுக்கும் தண்டனை ஒன்றே. நிமிஷத்துக்கு 180 அடி வேகத்தில் பின்னோக்கி நடந்துகொண்டே அடுக்கடுக்காக ஸ்வரங்களை உதிர்க்கும் ஒருவன் ஒரு ஸ்வரத்தைத் தவறவிடுகிறான். நின்ற இடத்தில் நின்றுகொண்டு நீண்ட ஸ்வரம் ஒன்றை ஊதும் மற்றொருவனும் தவறுகிறான். அட்டையில் இருவருக்கும் ஒரே கோடு. பின்னவன் தவறாமலிருப்பது எளிது. முன்னவன் தவறாமலிருப்பது அபூர்வம். இந்தக் கணக்கு தெரிந்த எந்த ஆசிரியரும் என்ன செய்வார்? கோடை முடிய முடிய, துணிவான இடங்களை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளிவிட்டு, பழகிய பாதையிலேயே அணியை நடத்துவார். பிள்ளைகளுக்குப் பயத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. ஆயினும் அளவுகோல் அதைத்தான் கற்றுக்கொடுத்தது.

மற்றொரு குறையும் உண்டு. நடுவர் ஒருவர்; மைதானமோ பெரிது. அவர் எந்த வரிசையின் அருகில் நின்றாரோ அந்த வரிசையின் தவறுதான் அவர் கண்ணில் படும். அவர் முதுகுக்குப் பின்னால் நிகழ்ந்த பிழை நிகழாத பிழையே. எண்ணிக்கை என்பதாலேயே அது நியாயமாகிவிடாது. எந்த இடத்தில் நின்று எண்ணினார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

1971 ஆம் வருஷத்துக் கலகம்

அறுபதுகளின் இறுதியில் அணிகளின் அதிருப்தி முற்றியது. தங்கள் பிள்ளைகள் ஆடும் பந்தயத்தின் விதிகளைத் தாங்கள் வகுக்க முடியவில்லை. ஜனக்கூட்டம் அணிகளைப் பார்க்கவே டிக்கெட் வாங்கி வந்தது; வரும்படியில் அணிகளுக்குக் கிடைத்த பங்கோ சொற்பம். சிகாகோவின் காவலியர்ஸ் அணியை ஸ்தாபித்த டான் வாரன், வையோமிங் ராஜ்யத்து ட்ரூப்பர்ஸ் அணியின் ஜிம் ஜோன்ஸ் ஆகியோர் முன்னின்றார்கள். காவலியர்ஸ், ட்ரூப்பர்ஸ், மாடிஸன் ஸ்கௌட்ஸ், புளூ ஸ்டார்ஸ், காலிபோர்னியாவின் ஸாண்டா கிளாரா வான்கார்ட் ஆகிய ஐந்து அணிகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கிழக்குக் கரையைச் சேர்ந்த அணிகள் சிலவும் அதே போல் ஒன்று கூடின. விளைவாக 1971 இல் 'டிரம் கோர் இண்டர்நேஷனல்' என்னும் ஸ்தாபனம் உருவாயிற்று. 1972 ஆகஸ்டில் விஸ்கான்ஸின் ராஜ்யத்து ஒயிட்வாட்டர் என்னும் சிற்றூரில் அதன் முதல் இறுதிப் போட்டி நடந்தது. அனஹீம் கிங்ஸ்மென் என்ற காலிபோர்னிய அணி வாகை சூடிற்று.

அளக்கப்படுகிறவர்கள் ஒன்று கூடி, அளக்கும் உரிமை எங்களுக்குரியது என்றார்கள், சாதித்தும் விட்டார்கள். ஆனால் இதற்கு அடுத்து நிகழ்ந்ததே நாம் அதிகமாக யோசிக்க வேண்டியது. ஸ்தாபனம் புதிது, நடுவர்களை நியமிப்பவர்களும் புதியவர்கள், தராசு மட்டும் பழைய தராசாகவே இருந்தது. 1972 இலிருந்து 1983 வரை பன்னிரண்டு கோடைக்காலங்கள் டிக் முறையே நீடித்தது. பழைய எஜமானரை அகற்றியவர்கள் அவருடைய சட்டப் புத்தகத்தைப் பல காலம் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பது சரித்திரத்தில் புதிதன்று. புத்தகத்தில் பழகிய கைக்கு வேறு புத்தகம் கனக்கும்.

இந்தப் பன்னிரண்டு வருஷங்களும் வீணாகிவிட்டன என்று சொல்வதற்கில்லை. பழைய தராசின் கீழேயே துணிந்தவர்கள் தோன்றினார்கள். நியூ ஜெர்ஸியின் கார்பீல்டு காடெட்ஸ் அணிக்கு அணிநடைக் கோலங்களை வகுத்தவர் ஜார்ஜ் ஸிங்கலி. இரு பக்கமும் ஒத்திருக்கும் பழைய கோலங்களை அவர் கைவிட்டார். ஒரு பக்கம் சாய்ந்தும் வளைந்தும் நொடிக்கு நொடி உருமாறியும் விரைந்து ஓடும் கோலங்களை மைதானத்தில் வரைந்தார். டிக் முறையின் கடைசி வருஷமான 1983 இல் அந்த அணியே முதலிடம் பெற்றது. குறை எண்ணும் தராசினாலும் மறைக்க முடியாத அளவுக்கு அந்தக் காட்சியின் நிறை பெருத்திருந்தது. தராசு போதவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

நிறை காணும் தராசு

1984 இல் டிக் முறை ஒழிந்தது. கழித்துக்கொண்டே வந்த நடுவர் இனிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று விதி ஏற்பட்டது. அணி வெறுங்கையோடு வருகிறது. செய்து காட்டியதற்கெல்லாம் வரவு வைக்கப்படுகிறது. அந்த முதல் வருஷத்திலேயே கார்பீல்டு காடெட்ஸ் 98.0 மார்க்கு வாங்கிற்று. 1985 இலும் அதே அணி வென்று, மூன்று வருஷம் தொடர்ந்து வாகை சூடிய முதல் அணி என்று பெயர் பெற்றது.

பின்னர் பல திருத்தங்களுக்குப் பிறகு நிலைபெற்ற ஏற்பாட்டின் சாரம் வருமாறு. மொத்தம் 100 மார்க்கு. அதில் 40 காட்சியின் மொத்த விளைவுக்கு. அதாவது பார்ப்போர் மனத்தையும் புத்தியையும் அது எவ்வளவு தொட்டது என்பதற்கு. 30 கண்ணுக்குரியது: அணிநடை, கோலம், கொடி அணி. 30 காதுக்குரியது: கொம்பு, தாளம், இசையின் மொத்த அமைப்பு. மொத்த விளைவுக்கு இருவர், கண்ணுக்கு மூவர், காதுக்கு மூவர் என எட்டு நடுவர்கள். சிலர் மைதானத்தில் இறங்கிக் கிட்டே நின்று பார்ப்பார்கள். மற்றவர்கள் உயரத்திலிருந்து முழுமையைப் பார்ப்பார்கள். பெரிய போட்டிகளில் தொகை இன்னும் கூடும்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி வேறோர் இடத்திலிருக்கிறது. ஒவ்வொரு நடுவரின் தாளும் இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாதி, என்ன செய்யத் துணிந்தார்கள் என்பதற்கு. மறுபாதி, துணிந்ததை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதற்கு. முன்னது அமைப்பு, பின்னது நிறைவேற்றம். அமைப்பு அரியது, நிறைவேற்றம் அரைகுறை என்றால் ஒரு பாதியில் நஷ்டம். நிறைவேற்றம் மாசற்றது, அமைப்போ சிறு குழந்தையும் செய்யக்கூடியது என்றால் மறுபாதியில் நஷ்டம். இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று காவல் காக்கின்றன.

அதற்கும் மேலே ஒரு நுட்பமுண்டு. காகிதத்தில் எழுதிய அமைப்புக்கு வரவு கிடையாது. மைதானத்தில் காதால் கேட்டதற்கும் கண்ணால் கண்டதற்குமே வரவு. எவ்வளவு உயர்ந்த கற்பனையானாலும் பிள்ளைகள் அதை வெளிப்படுத்திக் காட்டாவிட்டால் நடுவருக்கு அது இல்லாததற்குச் சமம். ஆகவே காட்சியை அமைப்பவர், தம் அணியின் சக்தி எவ்வளவு என்பதை அறிந்து, அதற்கு ஒரு சாண் மேலாக இலக்கை வைக்க வேண்டும். ஒரு முழம் மேலே வைத்தால் பிள்ளைகள் கீழே விழுவார்கள். கைக்கெட்டும் உயரத்தில் வைத்தால் அவர்கள் வளரவே மாட்டார்கள்.

புதிய தராசின் குறைகள்

இத்துடன் ராமராஜ்யம் வந்துவிட்டதென்று எண்ண வேண்டாம். கோடுகளை எண்ணுவதற்குக் கண் போதும். நிறையை மதிப்பிடுவதற்கு மனம் வேண்டும். மனம் என்று வந்தவுடன் ருசி வருகிறது. ருசியோடு பழக்கமும் பெயர்ப் பிரசித்தியும் வருகின்றன. போன வாரம் முதலிடம் பெற்ற அணி இந்த வாரமும் முதலிடத்துக்கு உரியது என்ற எண்ணம் நடுவரின் பேனாவுக்கு முன்னே ஓடக்கூடும். இறுதி இரவில் பலம் குறைந்த அணிகள் முதலிலும் பலம் மிகுந்தவை கடைசியிலுமாக மைதானத்துக்கு வருவது வழக்கம். முன்னே வருகிற அணி எவ்வளவு சிறப்பாகச் செய்தாலும், பின்னே வருகிறவர்களுக்கு இடம் விட்டு மார்க்குப் போட வேண்டுமே என்ற எச்சரிக்கை நடுவர் மனத்தில் எழுவது இயல்பு. குறை எண்ணிய காலத்தில் இந்த அபாயம் இத்தனை இல்லை.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றிருக்கிறது. காட்சியை அமைப்பவர் கைதேர்ந்த நிபுணர், சம்பளம் வாங்குகிறவர். மைதானத்தில் வியர்வை சிந்துவது பத்தொன்பது வயதுப் பிள்ளை. நிபுணரின் கற்பனை சோடை போனால் மார்க்கை இழப்பது பிள்ளை. பணம் படைத்த அணி சிறந்த நிபுணர்களை அமர்த்திக்கொள்ளும்; பணமில்லாத அணியின் பிள்ளைகள் எவ்வளவு உழைத்தாலும் அமைப்பு என்ற பாதியில் பின்தங்குவார்கள். எழுபதுகளில் அமெரிக்காவில் வாலிபர் அணிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இன்றோ முதல் வகுப்பில் போட்டியிடுவன இருபதைச் சுற்றியே நிற்கின்றன. இந்தச் சுருக்கத்துக்குப் பிரயாணச் செலவு முதலிய காரணங்கள் பல உண்டு. நாளுக்கு நாள் விலையேறும் காட்சி அமைப்பும் அவற்றில் ஒன்று என்பது நம் அபிப்பிராயம்.

மூன்றாவது, ஜனங்களின் தீர்ப்பும் நடுவர்களின் தீர்ப்பும் ஒன்றாயிருக்க வேண்டுமா என்ற கேள்வி. 1993 இல் ஸ்டார் ஆப் இண்டியானா என்ற அணி, பழைய கிரேக்க நாட்டு மெடியாவின் கதையைப் பொருளாகக் கொண்டு, கடுமையும் இருளும் நிறைந்த இசையில் ஒரு காட்சி அமைத்தது. சபையோரில் பலர் அதை ரஸிக்கவில்லை. வெறுப்பைக் காட்டியவர்களும் உண்டு. நடுவர்களோ அதை உயர்வாக மதித்து, முதலிடத்துக்கு ஒரு மார்க்கில் பத்திலொரு பங்கே குறைத்து இரண்டாமிடம் கொடுத்தார்கள். அந்த அணி அதோடு பந்தயத்தை விட்டு விலகிற்று. அதன் வழித்தோன்றலாக 'பிளாஸ்ட்' என்ற நாடகமேடைக் காட்சி பிறந்து, 2001 இல் நியூயார்க்கில் டோனி பரிசு பெற்றது. அன்று முகம் சுளித்த காட்சியை இன்று பலர் போற்றுகிறார்கள். சபையின் கைதட்டல் மட்டுமே தராசாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் எங்கே நின்றிருப்பார்கள்? அதற்காகச் சபையை அலட்சியம் செய்யவும் முடியாது. மொத்த விளைவுக்கென 40 மார்க்கு ஒதுக்கியிருப்பதே, பார்ப்பவர் இல்லாமல் காட்சியில்லை என்று ஒப்புக்கொண்டதற்கு அடையாளம்.

கடைசியாக, அளவின் நுண்மை. 2008 இல் ஸ்பார்ட்டகஸ் என்ற ரோமானிய அடிமை வீரனின் கலகத்தை நடித்துக் காட்டிய பாண்டம் ரெஜிமெண்ட் 98.125 மார்க்குப் பெற்றது. புளூ டெவில்ஸ் பெற்றது 98.100. வித்தியாசம் ஒரு மார்க்கில் நாற்பதில் ஒரு பங்கு. மனித மனம் இவ்வளவு மெல்லிய இழையைப் பிரித்தறியுமா என்று கேட்டால், அறியாது என்பதே நேர்மையான விடை. 1996, 1999, 2000 ஆகிய மூன்று வருஷங்களில் இரண்டு அணிகள் சமமாக நின்று முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. அந்த விடைதான் உண்மைக்குக் கிட்டியது என்று சொல்லத் தோன்றுகிறது.

நடுவரின் குரல்

இத்தனை குறைகளுக்கும் நடுவே அந்தத் தராசை நம்பத்தக்கதாக ஆக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. அதைத்தான் நாம் எல்லாவற்றிலும் உயர்வாக மதிக்கிறோம். காட்சி நடக்கும்போதே ஒவ்வொரு நடுவரும் தாம் காண்பதையும் கேட்பதையும் அதற்குத் தம் அபிப்பிராயத்தையும் ஒலிப்பதிவுக் கருவியில் பேசிக்கொண்டே வருகிறார். இந்த இடம் பிரமாதம், இந்த வரிசை தயங்குகிறது, இந்தக் கோலத்தின் கருத்து எனக்கு எட்டவில்லை என்று அந்தந்தக் கணத்தில் சொல்லுகிறார். போட்டி முடிந்ததும் அந்தப் பதிவு அணியின் ஆசிரியர்களிடம் சேர்கிறது. பின்னர் நடுவரும் ஆசிரியர்களும் நேருக்கு நேர் அமர்ந்து விவாதிக்கும் வழக்கமும் உண்டு. ஆசிரியர்கள் கேள்வி கேட்கலாம், ஆக்ஷேபிக்கலாம். மார்க்கு மாறாது, ஆனால் காரணம் சொல்லும் கடமையிலிருந்து நடுவர் தப்ப முடியாது.

இதனால் வரும் பயன் பெரிது. நடுவர் சொன்னதைக் கேட்டு ஆசிரியர்கள் மறுநாளே காட்சியைத் திருத்துகிறார்கள். விளங்காத இடம் விளங்கும்படி மாறுகிறது. தயங்கிய வரிசை பத்து முறை கூடுதலாக ஒத்திகை பார்க்கிறது. ஜூன் மாதத்தில் தொடங்கிய காட்சிக்கும் ஆகஸ்டில் முடிந்த காட்சிக்கும் பல சமயங்களில் வெகு தூரம். டிக் காலத்து நடுவர் குற்றப்பத்திரிகை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இக்காலத்து நடுவர், தாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஆசிரியராகவும் ஆகிவிடுகிறார். காரணம் கூறாத தீர்ப்பு கட்டளை மட்டுமே. காரணம் கூறிய தீர்ப்பு தவறாயிருந்தாலும் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஏதேனும் இருக்கும்.

சுயாட்சியின் சோதனை

அளவுகோலை அளக்கப்படுகிறவர்களிடம் கொடுத்தால் அவர்கள் அதைத் தங்கள் சௌகரியத்துக்கு வளைத்துக்கொள்ள மாட்டார்களா? இந்தச் சந்தேகம் நியாயமானதே. ஸ்தாபனம் விதிகளை அணிகளின் வாக்காலேயே மாற்றி வந்திருக்கிறது. 2000 முதல் எந்தச் சுருதிக் கொம்பும் செல்லும் என்றாயிற்று. 2004 இல் ஒலிபெருக்கிக்கும் 2009 இல் மின்னணு வாத்தியங்களுக்கும் அனுமதி பிறந்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழமை விரும்பிகள் எதிர்த்தார்கள். பணமுள்ள அணிக்கே இது லாபம் என்றும் சொன்னார்கள். அதில் வாஸ்தவமும் இருந்தது.

சோதனை முற்றியது 2010 இல். எப்போதும் முன்னணியில் நிற்கும் ஏழு அணிகள், கூட்டத்தை இழுப்பது நாங்களே, ஆகவே நிர்வாகத்தில் அதிக அதிகாரமும் வரும்படியில் அதிகப் பங்கும் எங்களுக்கே வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தன. 1971 இல் போர்வீரர் சங்கங்களை எதிர்த்து எழுந்த வாதத்தையே, இப்போது பெரியவர்கள் சிறியவர்களுக்கு எதிராகத் திருப்பிப் பிடித்தார்கள். அணிகள் பலவும் எதிர்த்தன. திட்டம் அப்படியே நிறைவேறவில்லை. அந்த ஏழு அணிகளும் சேர்ந்து தனியே சில காட்சிகள் நடத்துவதற்கு இடமளிக்கப்பட்டதோடு விவகாரம் ஓரளவு தணிந்தது. அந்நியர் கையிலிருந்து தராசைப் பறிப்பது ஒரு போராட்டம். பறித்த தராசு நம்மில் வலியவன் கைக்குப் போகாமல் காப்பது மற்றொரு போராட்டம். முந்தியதற்கு ஒரு வருஷம் போதும். பிந்தியது ஒருநாளும் முடிவதில்லை.

முடிவாக ஒரு செய்தி. 1940 இல் தோன்றிய பாஸ்டன் குருஸேடர்ஸ், ஸ்தாபனத்தின் ஆரம்ப காலம் தொட்டு அதிலுள்ள அணிகளுள் ஒன்று. 1972 முதல் போட்டிகளில் நின்றும் முதலிடம் அதற்கு எட்டாதிருந்தது. 2025 ஆகஸ்டில் அது முதன்முறையாக வாகை சூடிற்று. ஐம்பத்து மூன்று வருஷம் காத்திருந்த அணி இடையிலே தராசைக் குறை கூறிவிட்டு விலகியிருக்கலாம், விலகவில்லை. தராசில் குறையுண்டென்று தெரிந்தும், அதில் ஏறி நிற்பதையும் அதைத் திருத்துவதையும் ஏககாலத்தில் செய்து வந்தது.

பொது வாழ்விலும் நாம் ஒருவரையொருவர் தினந்தோறும் நிறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். தொண்டரைத் தலைவர் நிறுக்கிறார். தலைவரை ஜனங்கள் நிறுக்கிறார்கள். எத்தனை முறை தவறினான் என்று மட்டும் எண்ணினால், ஒன்றுமே செய்யாதவன்தான் உத்தமன் என்று தீர்ப்பாகும். எவ்வளவு பெரிதாகத் திட்டமிட்டான் என்று மட்டும் பார்த்தால், மேடையில் முழங்குகிறவன் முதலிடம் பெறுவான். எதற்குத் துணிந்தான், துணிந்ததை எவ்வளவு முடித்தான் என்ற இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டும். எழுதிய மார்க்குக்குக் காரணத்தையும் அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். இவ்வளவையும் செய்யத் தயாரில்லாதவர்கள் தராசைத் தொடாதிருப்பதே தேசத்துக்கு நல்லது.